வருஷம் திரும்பல

மாசி 10, வியாழன்

இந்த டைரி மோட்டார் கடைக்காரன் மாப்ளைக்கு ஓசியில குடுத்தது. மாப்ள தை மாசம் போயிச் சேந்துட்டாரு, டைரி எனக்கு வந்துருச்சு. நான் படிச்சது அஞ்சாவது. வாத்தியார் சேர்ல நெருஞ்சி முள்ளு வெச்சது நாந்தான்னு எவனோ காட்டிக் குடுத்துட்டான், அதோட படிப்பு முடிஞ்சுது. எழுத்து கோணலாத்தான் வரும். படிக்கறவன் தலையச் சாச்சுக்கலாம்.

இந்த ஊட்ல எனக்கு இப்பப் பேச்சுத் தடை. நேத்து பால்காரன்கிட்ட உன்ற மாட்டுக்கு நீச்சல் தெரியுமாப்பான்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டான். உள்ள இருந்து என்ற மவ ருக்குமணி வந்து, அப்பா, இது எழவு உளுந்த ஊடுங்கறது ஞாபகம் இருக்குதான்னு கேட்டா. புருசன் செத்து நாப்பது நாள் கூட ஆவல, அவ சொல்றதும் ஞாயந்தான். அதனால பேசறத எல்லாம் இதுல எழுதி வெக்கலாம்னு இருக்கேன்.

மத்தியானம் தபால்காரன் வந்தான். கோர்ட்டு சம்மன். பேரன் ஜெகதீசு வாங்கிப் படிச்சான். ஆரோக்கியமேரிங்கற பொம்பள, தன்ற மவ நான்சிக்கு, வயசு எட்டு, அப்பன் செத்துப்போன சென்னியப்பன், அவரு உட்டுட்டுப் போன சொத்துல இருந்து சோறு துணி படிப்புக்கு மாசாமாசம் குடுக்கோணும், கண்ணாலம் ஆவற வரைக்கும் குடுக்கோணும்னு கேட்டிருக்கா. சென்னியப்பன்கறது எங்க மாப்ள. சொத்துங்கறது போர்வெல் போடற ரிக் வண்டி, இந்த ஊடு, பஸ் ஸ்டாண்டுல வாடகைக்கு உட்ட கடைங்க.

எனக்கு ரொம்ப அதிர்ச்சியா இருந்துச்சுன்னு இங்க எழுதி வெக்கறேன்.

ஒண்ணு மட்டும் கவனிச்சேன். யாரு இந்த மேரின்னு ஊட்ல ஒருத்தரும் கேக்கல.

மாசி 12, சனி

வக்கீல் ஊட்டுக்கே வந்தாரு. ஏலக்கா டீ குடிச்சாரு. தாலி கட்டாமப் பொறந்த புள்ளையானாலும், அப்பன் சொத்த எடுத்துக்கிட்டவங்க அதுக்கு வயித்துப்பாட்டுக்குக் குடுத்துத்தான் ஆவோணுமாம், சட்டம் அப்படி. ஜெகதீசு மொகம் கருத்துப் போச்சு. வக்கீல் கையக் காட்டி, தம்பி பொறுங்க, அவரு புள்ளையா இருந்தாத்தானன்னாரு.

பள்ளிக்கோடத்துல அப்பன் பேரு இவர் பேருதான். ஆனா அது அம்மாக்காரி வாயால சொன்னது. மாப்ள அவளுக்குக் காச எல்லாம் ரொக்கமாக் கையில குடுத்துட்டு வந்தவரு, எங்கயும் தடயம் இல்ல. ஆளையும் எரிச்சாச்சு. ரத்தம் பாக்கோணும்னா ஜெகதீசு ரத்தந்தான், அதுக்கே நாலு வருஷம் இழுத்தடிக்கலாம். பெரிய கேசு கெடக்கட்டும், அதுக்கு முன்னால மாசச் செலவுக்கு ஏதாச்சும் குடுக்கச் சொல்லலாமான்னு ஜட்ஜு சித்திரையில விசாரிப்பாரு, அங்கயே அடிச்சுப்புட்டா அவ தாங்க மாட்டா, ஊரக் காலி பண்ணிட்டுப் போயிருவான்னாரு.

அதுக்கு ரெண்டு பேரு சாட்சி சொல்லோணும். ஒண்ணு ருக்குமணி. இன்னொண்ணு இந்த ஊட்லயே கெடக்கற பெரிய மனுசன், வாயத் தொறந்தா ஊரே நம்பும்னாரு. யாருங்க அதுன்னு சுத்திப் பாத்தேன். நாந்தானாம்.

மாசி 13, ஞாயிறு

மேல்தொட்டி நெரம்பி வழிஞ்சுது. யாரும் மோட்டார நிறுத்தல. எல்லாரும் ஊட்லதான் இருந்தோம்.

மாசி 19, சனி

ஜெகதீசு என்ன வண்டில ஏத்தி தறிக்காலனி முக்குல எறக்கி உட்டான். அப்புச்சி, நீங்க போயி நைசாப் பேசுங்க, ஒரு தொகைய வாங்கிட்டு கையெழுத்துப் போடறாளான்னு பாருங்கன்னான். கெழவன் போனா சந்தேகப்பட மாட்டாங்களாம். எனக்கு உளவு வேல புதுசு. தொண்டையக் கனைச்சுக்கிட்டே போனேன்.

ஒத்த ரூம்பு. மேரி நூல் மில்லுக்குப் போற பொம்பள, திண்டுக்கல் பக்கம். என்னப் பாத்ததும் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா. உக்காரச் சொன்னா, சிரிக்கல. பேசி முடிக்கச் சொல்லி அனுப்புனாங்களா ஐயான்னு நேராக் கேட்டா. தண்ணி தாகத்துக்கு வந்தேன்னேன். குடுத்தா.

புள்ள கட்டலுக்கு அடியில இருந்து தலைய நீட்டுச்சு. உம் பேரென்னன்னேன். நான்சின்னுது. நான்சியா, எங்க ஊர்ல நஞ்சின்னு ஒரு கெழவி இருந்தா, மூக்குப்பொடி போடுவா, நீயும் போடுவியான்னு கேட்டேன். அது என்ன உத்துப் பாத்துட்டு, உங்க பல்லு நெசப் பல்லா, செட்டுப் பல்லான்னு கேட்டுச்சு. கழட்டிக் காமிச்சேன். மறுக்காவும் காமிக்கச் சொல்லுச்சு. மறுக்காவும் காமிச்சேன். சிரிக்கறப்ப அதுக்கு மூக்குல ஒரு கொறட்டைச் சத்தம் வருது. அந்தச் சத்தத்த எங்கயோ கேட்டாப்பல இருந்துச்சு. எனக்குக் காது சரியில்ல.

தாத்தான்னு கூப்பிட்டுச்சு. தாத்தாங்கறது டவுன்காரன் பேச்சு, அப்புச்சின்னு கூப்பிடுன்னேன். ஜெகதீசு மட்டுந்தான் என்ன அப்படிக் கூப்பிடறது, வாய் தவறி வந்துருச்சு.

கெளம்பறப்ப மேரி வாசல் வரைக்கும் வந்தா. சித்திரைக்குள்ள ஒண்ணும் ஆவலைன்னா ஸ்கூல் தொறக்கறப்ப புள்ளைய திண்டுக்கல்ல சிஸ்டருங்க விடுதில உடப்போறேன், ராத்திரி ஷிப்டுக்குப் போனா இதப் பாத்துக்க ஆளில்ல, பக்கத்து ஊட்டுக்காரங்களும் எத்தன நாளைக்குப் பாப்பாங்கன்னா. எங்கிட்ட எதுக்குச் சொல்றான்னு தெரியல. நான் எதிர்க்கட்சி.

ஊட்டுக்கு வந்து ஜெகதீசுகிட்ட, அவ மசிய மாட்டேங்கறா, இன்னும் நாலஞ்சு தடவ போயிப் பேசோணும் போலன்னேன். சரின்னுட்டான்.

பங்குனி 3, சனி

மறுக்காவும் உளவு. பல்லு மூணு தடவ கழட்டுனேன்.

ராத்திரி சோறு போடறப்ப ருக்குமணி கொழம்பு ஊத்திக்கிட்டே, அந்தக் கொழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வெச்சு சீவி உடறாங்களாப்பான்னு கேட்டா. உளவுக்காரன்கிட்ட சண்டை விவரம் கேப்பாங்க, சட நீளம் கேட்டு நான் பாத்ததில்ல. பரட்டையாத்தான் கெடக்குதுன்னேன். கொழம்பு தட்டத் தாண்டி ஊத்துச்சு.

பங்குனி 12, திங்கள்

வக்கீல் ஆபீஸ்ல எனக்கு ஒத்திகை. உங்க மருமகனுக்கு வெளிய ஏதாச்சும் தொடர்பு உண்டான்னு கேட்டாரு. உண்டுங்க, சீட்டாட்டத்தோடன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. பெரியவரே, கோர்ட்டுல வெளையாடாதீங்கன்னாரு. இந்தக் கொழந்தைய இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களான்னாரு. எந்தக் கொழந்தைன்னேன். அதான், அப்படியே சொல்லுங்க, பாத்ததே இல்லைன்னு சொல்லோணும்னாரு.

பாத்ததே இல்ல. பாத்ததே இல்ல. பாத்ததே இல்ல. நல்லாத்தான் வந்துச்சு.

ருக்குமணி பக்கத்து சேர்ல உக்காந்து முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டு இருந்தா. அவளுக்கும் ஒத்திகை. என்ற ஊட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்கன்னு சொல்லோணும். சொன்னா. ஒரு தடவ சொன்னா, மறுக்கா கேட்டப்ப தண்ணி வேணும்னுட்டா.

வர்ற வழில ஜெகதீசு வண்டிய ஓரங்கட்டிட்டு, அப்புச்சி, நீங்க இதுல ஏதாச்சும் ஏடாகூடம் பண்ணீங்கன்னா உங்க பழைய ஊட்டுச் சாவிய எடுத்துக் குடுத்துருவேன்னான். அங்க கூரையே இல்லடா, சாவி எதுக்குன்னேன். அவன் சிரிக்கல. சின்ன வயசுல இதே பேச்சுக்கு உருண்டு உருண்டு சிரிப்பான்.

அப்பனத் தூக்கிக் கொள்ளி வெச்ச கை அது. அவனுக்கும் வலி இருக்குது. இதுல ஒரு கெழவனுக்கு என்ன வேல.

ராத்திரி சோறு எறங்கல. பல்லு செட்டு சரியில்ல.

பங்குனி 27, செவ்வா

ஊர்ல மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழா ஆரம்பிச்சாச்சு. கம்பம் நட்டாச்சு. தப்பட்டைச் சத்தம் ஊடு வரைக்கும் கேட்டுச்சு. ஜெகதீசோட சோட்டுப் பசங்க எல்லாம் கம்பத்தச் சுத்தி ஆடப் போறாங்க. அவனும் சலங்கைய எடுத்தான். ருக்குமணி வந்து கையில இருந்து சலங்கைய வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அப்பன் செத்து வருஷம் திரும்பல, கம்பத்துப் பக்கம் போவக்கூடாது, ஆத்தா பொறுக்க மாட்டான்னா. எட்ட நின்னு பாக்கறேம்மான்னான். பாக்கறதும் வேண்டாம்னா.

இந்த வருஷம் எங்க ஊட்ல மாவெளக்கு இல்ல, பொங்கல் இல்ல. தீர்த்தக் கொடம் எடுத்துக்கிட்டு சனம் தெருவுல வர்றப்ப மத்தவங்க எல்லாம் அவங்க கால்ல மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க, எங்க ஊட்டுக் கேட்டு மட்டும் மூடிக் கெடக்கும். கறி பக்கமே போவல எம்மவ. வெளக்குக்குக் கூட நேரம் பாத்துத்தான் நெருப்பு வெக்கறா. கோர்ட்டுல எதையோ சொல்ல ஒத்திகை பாத்துட்டு வந்தவ, ஆத்தா விசயத்துல ஒரு நூலு பிசகல.

நான் சும்மா இதையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பங்குனி 30, வெள்ளி

நஞ்சி ஒரே அழுகை. எதுத்த ஊட்டு தர்ஷினி தீர்த்தம் எடுக்கறாளாம், தெருவுல எல்லாப் புள்ளைகளும் எடுக்குதாம், இது மட்டும் எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாளாம். மேரிக்கு நம்ம சாமி வழக்கம் எதுவும் தெரியாது. பசிக்கப் போட்டு நடக்க வெப்பாங்களா ஐயான்னு மட்டும் கேட்டா. அதெல்லாம் இல்ல, சின்னப் புள்ளைங்க ஆத்துக்குப் போவ வேண்டாம், ஊர் எல்லைப் புள்ளையார் கோயில்ல இருந்து நடந்தாப் போதும், நாங் கூட்டிட்டுப் போறேன்னேன். நீங்க பாத்துக்கறதுன்னா சரின்னுட்டா.

நம்பிட்டா. அது ஒண்ணுதான் கொஞ்சம் சங்கடமா இருக்குது.

சித்திரை 5, வியாழன்

பாத்திரக் கடைக்குப் போனேன். சின்னதா ஒரு பித்தளக் கொடம் வாங்குனேன். காரணம் ஒண்ணும் இல்ல. பித்தள வெல ஏறப்போவுதுன்னு பேசிக்கிட்டாங்க.

வர்ற வழில கோயில் தர்மகர்த்தா பொங்கியண்ணனப் பாத்தேன். தீர்த்தம் எங்க தெரு வழியா எப்ப வரும்னு கேட்டு வெச்சுக்கிட்டேன். வெயில்ல வெளிய உக்காந்து மாட்டிக்கக் கூடாதில்ல.

சித்திரை 9, திங்கள்

வக்கீல் போன்ல கூப்பிட்டு, அடுத்த திங்கக்கெழம கோர்ட்டு, மறந்துறாதீங்கன்னாரு. எத மறக்கக் கூடாதுன்னேன். பாத்ததே இல்லைங்கறதன்னாரு.

சித்திரை 10, செவ்வா

எழுத்து இன்னைக்கு இன்னும் கோணல்.

வெள்ளென எந்திரிச்சு காலனிக்குப் போயி புள்ளையக் கூட்டிட்டு வந்தேன். மஞ்சப் பாவாட, கழுத்துல பூமால. புள்ளையார் கோயில்ல காவேரித் தண்ணிய ட்ரம்முல கொண்டாந்து வெச்சிருந்தாங்க, கூட்டம் நெரிஞ்சுது. புள்ளைய நெழல்ல நிறுத்திட்டு அதோட கொடத்த நாந்தான் நெப்பிக் கொண்டாந்து குடுத்தேன். வேப்பெல சொருகி, தலைக்குச் சும்மாடு வெச்சு, தர்ஷினி பின்னால நிறுத்திட்டு, நான் குறுக்குச் சந்துல ஊட்டுக்கு வந்துட்டேன். வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்தேன்.

பம்பைச் சத்தம் தெருமுக்குல கேட்டுச்சு. அந்த நேரம் பாத்து எனக்கு மயக்கம் வர்றாப்பல இருந்துச்சு. ருக்கு, மோர் கொண்டான்னு கத்துனேன். அவ டம்ளரோட கேட்டு வரைக்கும் வந்தா. தெருவுல சனம். பக்கத்து ஊட்டுக்காரங்க கால்ல தண்ணி ஊத்தறதுக்கு வரிசை நின்னுச்சு. எங்க கேட்டுக்கு நேரா நின்னது தர்ஷினி, அதுக்குப் பின்னால இது.

ருக்குமணி பாத்தா. அவளுக்கு அந்தப் புள்ளையத் தெரியாதுன்னுதான கோர்ட்டுல சொல்லப் போறா. டம்ளர எங்கையில குடுக்காம கீழ போட்டா. கேட்டத் தொறந்துக்கிட்டு, செருப்பில்லாம, தார் ரோட்டுல எறங்கிப் போயி, ரெண்டு கையாலயும் அந்தக் கொடத்தப் புடிச்சுக்கிட்டா.

"பாப்பா, எறக்கு சாமி. அப்பன் செத்து வருஷம் திரும்பல. நீ தீர்த்தம் எடுக்கக் கூடாது கண்ணு. ஆத்தா உன்னத்தான் கேப்பா."

பம்பை நின்னு போச்சு. பொங்கியண்ணன் முன்னால இருந்து திரும்பி வந்தாரு. வெள்ளந்தியான ஆளு, அவரு வேணும்னு கேக்கல.

"எந்த அப்பன், ருக்கு?"

ஒரு தெரு சனம் பாத்துக்கிட்டு நிக்குது. எம்மவ கொடத்தத் தலைல இருந்து எறக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. வெயில்ல கால மாத்தி மாத்தி வெச்சா.

"உங்களுக்குத் தெரியாதுங்களா மாமா," அப்படின்னா.

போர்ட்டிகோவுல ஜெகதீசு நின்னிட்டிருந்தான். எல்லாத்தையும் கேட்டுட்டான்.

புள்ள பயந்துபோயி என்னத் தேடி வந்து வேட்டியப் புடிச்சுது. அப்புச்சி, நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டுச்சு. அது கழுத்துல சாஞ்சு கெடந்த மாலைய நேரா இழுத்து உட்டேன்.

சித்திரை 11, புதன்

ஊர்ல பொங்கல். இங்க அடுப்பே பத்தல.

ஜெகதீசு நேத்தே ஆடித் தீத்துட்டான். நீயே எங்கழுத்த அறுத்துட்டியேம்மான்னு அவளக் கேட்டான். அப்பறம் எங்கிட்ட வந்தான். அந்தப் புள்ள உங்களை அப்புச்சின்னு கூப்பிட்டுச்சுன்னு மட்டுஞ் சொன்னான். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வக்கீல் போன் போட்டாரு. இது ஒண்ணும் கெட்டுப் போவல, அது யாரு அப்பனோ செத்துட்டான்னு கேள்விப்பட்டு எரக்கத்துல சொன்னேன்னு சொல்லிக்கலாம், ஊருக்காரன் எவனும் கோர்ட்டுக்கு வர மாட்டான், அம்மாவும் பெரியவரும் உறுதியா நின்னாப் போதும்னாரு. ருக்குமணி கேட்டு முடிச்சுப் போன வெச்சுட்டு கொல்லைப் பக்கம் போயிட்டா.

அவ கவல கேசு இல்ல. அது எனக்கு மத்தியானந்தான் தெரிஞ்சுது.

சித்திரை 13, வெள்ளி

சோறு திங்க மாட்டேங்கறா. தீட்டுக்காரி நான், தீட்டுக்காரப் புள்ள தலைல இருந்த தீர்த்தத்தக் கையில தொட்டு ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன், ஆத்தா சும்மா உடுவாளான்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கா. கொடத்த என்ன பண்றதுன்னு தெரியாம கொல்லைல கொய்யா மரத்தடில வாழெல போட்டு அதுமேல வெச்சிருக்கா. காலைலயும் சாயங்காலமும் அதுக்கு முன்னால போயி நிக்கறா. ரிக் வண்டி ஓட்டற புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அந்தச் சின்னதுக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது, எதுன்னாலும் எனக்கு வரட்டும்னு முணுமுணுக்கறா. சின்னதுக்குங்கறா.

வருஷம் திரும்பற வரைக்கும் ராத்திரிச் சோறு இல்லைன்னு வேண்டிக்கிட்டாளாம். ராத்திரி என்ன, பகல்லயே திங்கல. அவ சக்கரைக்காரி. மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட இருக்கா. சாயங்காலம் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா, கையெல்லாம் வேர்வ. வெல்லத்த வாயில திணிச்சேன்.

எங்கிட்ட ஒரு வார்த்த இருக்குது. சொன்னா இவ எந்திரிச்சு சோறு திம்பா. சொன்னா இவ என்னத் தெரிஞ்சுக்குவா. தெரிஞ்சுக்கிட்டு, கோவத்துல திங்கக்கெழம கோர்ட்டுல வக்கீல் சொன்னதையே சொல்லிப்புட்டான்னா அந்தப் புள்ள திண்டுக்கல் போயிரும்.

மூணு நாள் பொறுத்தா கோர்ட்டு முடிஞ்சுரும். அப்பறமாச் சொல்லலாம்.

பொறுக்கலாம்.

சித்திரை 15, ஞாயிறு

பொறுக்க முடியல.

காலைல அவ கொய்யா மரத்தடில கும்புட்டுட்டு எந்திரிக்க முடியாம உக்காந்துட்டா. நான் போயி அந்தக் கொடத்த எடுத்து செடிக்கு ஊத்திட்டேன். அவ அலறிட்டா. அப்பா, என்ன காரியம் பண்றீங்கன்னு எங்கையப் புடிச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு.

"அது குழாத்தண்ணி, ருக்கு. கோயிலுக்குப் பொறத்தால இருக்கற முனிசிபாலிட்டிக் குழாயில நாந்தான் புடிச்சேன். அந்தப் புள்ளையும் தீர்த்தம் எடுக்கல, நீயும் தொடல. ஆத்தாவுக்குக் கணக்கே இல்ல."

என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு எல்லாம் ஒவ்வொண்ணா வெளங்கறது மொகத்துல தெரிஞ்சுது. மோரு. சேர். தெருமுக்கு. காலனிக்கு நான் போயிட்டு வந்தது எல்லாம்.

"தெருவுல என்ன நிறுத்தத்தான் அந்தப் பச்சப்புள்ளைய வெயில்ல நடக்க வெச்சீங்களாப்பா?"

காலிக் கொடத்த மரத்தடியிலயே கவுத்து வெச்சேன்.

என்ன ரோட்டுல நிறுத்திட்டீங்களேன்னு மட்டும் சொல்லிட்டு, கொய்யா மரத்தப் புடிச்சு எந்திரிச்சு உள்ள போயிட்டா. சித்த நேரம் கழிச்சு சமையக்கட்டுல தட்டுச் சத்தம் கேட்டுச்சு. பழைய சோத்தப் பெசையற சத்தம். அது ஒண்ணு கெடச்சுது எனக்கு.

நாளைக்கு என்ன சொல்லுவாளோ தெரியாது. ராத்திரி எனக்குச் சோறு ஜெகதீசு கொண்டாந்து வெச்சான். அவ வரல.

பழைய ஊட்டுச் சாவி எங்க இருக்குதுன்னு தேடி எடுத்து தலவாணிக்கு அடியில வெச்சுக்கிட்டேன்.

சித்திரை 16, திங்கள்

கோர்ட்டுல மொதல்ல கூப்பிட்டது அவளத்தான். வெள்ளச் சேலையில கூண்டுல ஏறி நின்னா. மேரி புள்ளையோட பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தா. புள்ள என்னப் பாத்து சிரிக்கல. பல்லக் காமிச்சேன், அப்பவும் சிரிக்கல.

எங்க வக்கீல் எந்திரிச்சு, அம்மா, இந்தக் கொழந்தைக்கும் உங்க கணவருக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதான்னு கேட்டாரு. பதில் அவரே எழுதிக் குடுத்தது, அதனால பேப்பரப் பாத்துக்கிட்டுத்தான் கேட்டாரு.

ருக்குமணி அவரப் பாக்கல. எம் பக்கம் திரும்பிப் பாத்தா. கோவமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. சின்ன வயசுல தேர்க்கடையில கையப் புடிச்சிருந்து உட்டுட்டேன், தேடிக் கண்டுபுடிச்சப்ப இப்படித்தான் பாத்தா.

"அவரு மவதானுங்க," அப்படின்னா ஜட்ஜய்யாகிட்ட.

வக்கீல் கையில பேப்பர் அப்படியே நின்னுச்சு. எந்திரிச்சு ஏதோ சொல்லப் போனாரு, ஜட்ஜய்யா உக்காரச் சொன்னாரு. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்னு அவளக் கேட்டாரு.

"அங்க போற நாளைக்கு அவரு சட்டைய நாந்தானுங்க தேச்சுக் குடுத்தேன்."

ஜட்ஜய்யா அத எழுதிக்கிட்டாரு.

நான் எட்டு வருஷமா இந்த ஊட்ல இருக்கேன். எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

என்னக் கூப்பிடவே இல்ல. பாத்ததே இல்லைங்கறது வாயிலயே கெடந்து போச்சு.

மத்தியானத்துக்கு மேல ரெண்டு வக்கீலும் பேசி எழுதிக் குடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டுக் கடையில ரெண்டோட வாடகை மாசாமாசம் புள்ள பேருக்குப் போவும், படிப்புச் செலவு தனி, கண்ணாலம் வரைக்கும். ருக்குமணி வாங்கிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டா. ஜெகதீசு எழுதி முடியறதுக்கு முன்னாலயே எறங்கிப் போயிட்டான். ரிக் வண்டிய எடுத்துக்கிட்டு ஆந்திராவுக்குக் கெளம்பிட்டான்னு டிரைவர் சொன்னான். அவன் கோவம் ஞாயந்தான், அப்பன் பேரு அது. அவனுக்கு நாள் ஆவும்.

வராண்டாவுல மேரி கையெடுத்துக் கும்புட்டா. எம்மவ அவ மொகத்தப் பாக்கல. புள்ள தலையப் பாத்தா. எண்ணெய் வெக்கச் சொல்லு, பேன் உளுந்துரும்னு செவுத்தப் பாத்துச் சொல்லிட்டு நடந்தா.

சித்திரை 19, வியாழன்

நஞ்சிய விடுதிக்கு அனுப்பலைன்னு மேரி சொல்லி உட்டா. காலனிக்குப் போயிருந்தேன். என்னப் பாத்ததும் கட்டலுக்கு அடியில போயி உக்காந்துக்கிச்சு அது. தீர்த்தம் எடுக்க உடாம அந்த அம்மா ஏன் புடுங்குனாங்கன்னு கேட்டுச்சு. உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்னேன். அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியாதான்னு கேட்டுச்சு. பல்லக் கழட்டி அது கையிலயே குடுத்துட்டேன். வேண்டாம்னு திருப்பிக் குடுத்துச்சு. எச்சின்னுது. மூக்குல லேசா ஒரு சத்தம் வந்துச்சு.

இங்க ருக்குமணி எனக்கு நேரத்துக்குச் சோறு போடறா. பேச்சில்ல. பழைய ஊட்டுச் சாவி இன்னும் தலவாணிக்கு அடியிலதான் கெடக்குது, போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. இன்னைக்கு வெடியால அந்தப் பித்தளக் கொடத்தப் புளி போட்டுத் தேச்சா. நல்லா மின்னுச்சு. ஸ்டூல் போட்டு ஏறி பரண்மேல கவுத்து வெச்சா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுதான், யாருகிட்டயோ சொல்றாப்பல சொன்னா.

"வருஷம் திரும்பட்டும். அப்ப நெசத் தண்ணி புடிச்சுக் குடுங்க."

மூணு நாளா ரசத்துல உப்பில்ல. மறந்து போடாம உட்டது இல்ல அது. ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.